தரை அறிந்த கை



தார்ச்சாலை முடிந்த பிறகு வண்டியை முன்னே கொண்டுபோவது எது? வண்டியின் வலுவா, ஓட்டுகிறவரின் திறமையா? ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க நினைக்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. ‘இரண்டும் வேண்டும்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. கையில் இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது, ஆபத்தான இடத்தில் எதை நம்பி இறங்குவது என்று கேட்டால் அந்தப் பதில் உதவாது. ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் திறன் ஒரு மேல்வரம்பு. அதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது ஓட்டுநரைப் பொறுத்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: வண்டியின் திறன் ஏற ஏற, ஓட்டுநருக்கு வேண்டிய திறமையும் கூடவே ஏறுகிறது. நல்ல வண்டி வாங்கியாகிவிட்டது, இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

முதல் சாட்சியாக நான் அழைப்பது எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவே கிடக்கும் பெரும் மணற்கடலை. ஏறக்குறைய 72,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. வடக்கு தெற்காக வரிசை வரிசையாக நீளும் மணல்மேடுகள். சில இடங்களில் நூறு மீட்டரைத் தொடும் உயரம். 1874-இல் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியப் பயணி ஒட்டகங்களோடு மேற்கே போக முயன்றார். மேட்டுக்கு அப்பால் மேடு என்று குறுக்கே நின்றுகொண்டே இருந்ததால், திசையை மாற்றி வடக்கே சிவா என்ற பாலைவனச் சோலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டகமே ஒதுங்கிப்போன அந்த இடத்துக்குள் 1929, 1930 ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளை ஓட்டிக்கொண்டு நுழைந்தவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அவரும் நண்பர்களும் ஓட்டிச் சென்றவை ஃபோர்டு மாடல் ஏ வண்டிகள். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே விசை. காசு இருக்கிற எவரும் கடையில் போய் வாங்கக்கூடிய சாதாரண வண்டிகள் அவை.

வண்டி சாதாரணம் என்றால் எதை வைத்துக்கொண்டு கடந்தார்? மணலைப் பற்றிய அறிவை வைத்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரிகிற மணல்மேட்டில் உண்மையில் இரண்டு தரைகள் இருக்கின்றன. காற்று வந்து மோதுகிற பக்கத்தில் மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கெட்டிப்பட்டுக் கிடக்கும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் உதிர்ந்து விழுந்த மணலோ 32, 33 டிகிரி சரிவில், இன்னும் ஒரு பிடி விழுந்தால் சரிந்துவிடும் என்ற நிலையில் தளர்ந்து நிற்கும். கெட்டியான பக்கத்தில் நேராக, வேகம் குறையாமல் ஏறினால் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற காரும் மேலே போய்விடும் என்பதை பேக்னால்டு கண்டுகொண்டார். ஏறுவதைவிடக் கடினமானது உச்சியில் நிறுத்துவது. முகடு மழுங்கலாக இருந்தால் கடந்து போகலாம். கூராக இருந்தால் அதன் மறுபக்கம் தளர்ந்த மணல்தான், வேகத்தோடு தாண்டினால் வண்டி தலைகுப்புறப் போகும். நிறுத்துவதிலும் ஒரு பாடம் உண்டு. மணலில் பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். மறுபடி கிளம்பும்போது அந்தக் குவியலையும் சேர்த்து ஏற வேண்டும். வேகத்தைத் தானாக அடங்கவிட்டு, மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினால் கிளம்புவது எளிது. இதெல்லாம் எஞ்சினிலோ கியர் பெட்டியிலோ இருக்கிற குணங்கள் இல்லை. தரையைப் பார்க்கிற கண்ணில் இருப்பவை. இந்த அறிவைத்தான் அவர் ஆய்வுக்கூடத்தில் சோதித்து 1941-இல் வீசும் மணலின் இயற்பியலைப் பற்றிய நூலாக எழுதினார். இன்றும் அந்தத் துறையில் அதுதான் அடிப்படை நூல்.

இங்கே நியாயமான ஒரு தடை எழுகிறது. பேக்னால்டு வண்டியை அப்படியேவா ஓட்டினார்? மாற்றங்கள் செய்தாரே, அப்படியானால் வண்டியும் முக்கியம்தானே? செய்தார், உண்மை. ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியைக் குழாய் வழியாக ஒரு தண்ணீர் டப்பாவுக்குள் விட்டு, எஞ்சின் ஆறியதும் அந்தத் தண்ணீரை ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்படி அமைத்தார். இரும்பு வண்டிக்குள் காந்த ஊசி தடுமாறும் என்பதால் சூரியனின் நிழலை வைத்துத் திசை காட்டும் கருவியைப் பொருத்தினார். கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்த, பதுங்குகுழிக்குக் கூரை போடப் பயன்பட்ட எஃகுத் தகடுகளை வாங்கி, புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகையாக்கினார். டயரில் காற்றைக் குறைத்தார். ஆனால் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எஞ்சின் வலு கூடவில்லை. விசை போகிற சக்கரங்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் பாலைவனத்தில் பட்ட ஒரு தொல்லைக்கு, அதைப் பட்டவர் கண்ட மாற்று. தேவை என்ன என்று தெரிந்த பிறகு செய்த மாற்றங்கள் இவை. இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்எதிர்: முதலில் உதிரிப் பொருள்களை மாட்டிக்கொள்கிறோம், பிறகு எங்கே பயன்படுத்தலாம் என்று தேடுகிறோம்.

இதைவிட வலுவான சான்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிடைக்கிறது. 1940-இல் கெய்ரோவில் பிரிட்டிஷ் தளபதி வேவெலின் ஒப்புதலோடு பேக்னால்டு ஒரு சிறு படையைத் திரட்டினார். நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு என்று பின்னாளில் பெயர் பெற்ற படை அது. ஆறு வாரத்துக்குள் அதைக் களத்தில் இறக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்களாக அவர் கேட்டு வாங்கியவர்களில் பலர் நியூசிலாந்தைச் சேர்ந்த விவசாயிகள். பாலைவனத்தை அதற்குமுன் கண்டறியாதவர்கள். ஆனால் எந்திரத்தோடு புழங்கியவர்கள், திறந்தவெளியில் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். வண்டிகள் விற்பனையாளரிடமும் எகிப்திய ராணுவத்திடமும் திரட்டிய ஷெவர்லே லாரிகள், அவையும் பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. கதவுகளையும் கூரையையும் கழற்றிவிட்டு, பெட்ரோலும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, எதிரிப் படை யாரும் வரமுடியாது என்று காவலே வைக்காத தெற்குத் திசையிலிருந்து வந்தார்கள். 1941 ஜனவரியில் லிபியாவின் உள்ளே வெகு தூரத்தில் இருந்த முர்சுக் கோட்டை விமானத் தளத்தைத் தாக்கியது இப்படித்தான்.

இனி வருவதுதான் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. 1941-இல் அந்தக் குழுவுக்கு நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற ஃபோர்டு எஃப்30 லாரிகள் கொடுக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அவை கனமாக இருந்தன, பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்தன. 1942-இல் குழு மீண்டும் இரண்டு சக்கரம் இழுக்கும் ஷெவர்லே லாரிகளுக்கே மாறிக்கொண்டது. இதை வைத்து ‘ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை’ என்று நான் வாதாடினால் அது தவறாகிவிடும். சேற்று நிலத்தில் இயங்கிய படையாக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். இது காட்டுவது வேறொன்றை. மணலில் சிக்காமல் போவதும், சிக்கினால் மண்வாரியும் எஃகுத் தகடும் வைத்துக் கிளப்பிக்கொள்வதும் அந்த ஓட்டுநர்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டிருந்தது. அவர்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தது தூரமும் பெட்ரோலும். கூடுதலாகக் கிடைத்த இரண்டு சக்கரத்து விசை, அவர்களிடம் இல்லாத ஒரு குறையைத் தீர்க்க வந்தது. அதற்கு விலையாக அவர்களுக்கு மிகவும் வேண்டியிருந்த ஒன்றைப் பறித்துக்கொண்டது. திறமை உள்ள ஓட்டுநருக்கு வண்டியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. டக்கார் என்ற நெடுந்தூர வண்டிப் பந்தயத்திலும் இதே போன்ற ஒன்று நடந்தது. 1999-இலும் 2000-இலும் ஜான் லூயி ஷ்லெஸ்ஸர் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் கார் பிரிவை வென்றார். அங்கே இரண்டு சக்கர வண்டிகளுக்கு விதிகள் சில சலுகைகள் தந்தன என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

‘பேக்னால்டும் அவர் ஆட்களும் அபூர்வமானவர்கள்; சனி ஞாயிறு மட்டும் வண்டியை வெளியே எடுக்கிறவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்கலாம். பொருந்தும். ஏனென்றால் அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதி பிறவித் திறமை சார்ந்தது இல்லை. சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வருவது. டயர்க் காற்றையே எடுத்துக்கொள்வோம். 1,800 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்தின் மேல் தோராயமாக 450 கிலோ. டயரில் 35 பவுண்டு காற்று இருந்தால் அந்த எடையைத் தரையில் தாங்கி நிற்கிற பரப்பு ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர், விரித்த கை ஒன்றைவிடச் சற்றுப் பெரிது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அச்சாக வராது. ஆனால் போக்கு இதுதான். தடம் அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில் அதிகம் கூடும். நீண்ட தடம் மணலை வெட்டாமல் அமுக்கிக்கொண்டு மேலேயே போகும். 35 பவுண்டோடு மணலில் இறங்கிய விலை உயர்ந்த வண்டி நூறு அடியில் அச்சு வரை புதைவதும், பக்கத்திலேயே பழைய ஜிப்ஸி ஒன்று 15 பவுண்டில் ஓடிப்போவதும் இதனால்தான். காற்றைக் குறைக்கப் பணம் செலவில்லை. எவ்வளவு குறைப்பது, குறைத்த பிறகு திடீரென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் என்பது, தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடைத்துக்கொள்ளாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும் என்பது ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டிஃபரென்ஷியலின் சங்கதியும் இப்படித்தான். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் வைத்திருக்கிறார்கள். சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. தரையில் ஊன்றி நிற்கிற மறுசக்கரத்துக்கும் அந்த அற்பமான விசைதான் போகும். முன்னால் ஒரு சக்கரமும், குறுக்குச் சாய்வில் பின்னால் ஒரு சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி அசையாமல் நிற்கும்; இரண்டு சக்கரம் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் லாக் இருக்கிற வண்டி இந்த இடத்தைத் தாண்டிவிடும், சந்தேகமில்லை. ஆனால் வண்டியை விட்டு இறங்கி, நடந்து போய்ப் பார்த்த ஓட்டுநர், அந்தப் பள்ளத்துக்கு ஒரு முழம் இடதுபக்கம் விலகிப் போனால் சக்கரம் தூக்காது என்று முதலிலேயே கண்டிருப்பார். லாக் செய்கிற வேலையில் கணிசமான பங்கை அவருடைய இரண்டு நிமிட நடை செய்துவிடுகிறது. லாக் போட்ட வண்டி வழுக்கல் தரையில் சுலபமாகத் திரும்பாது என்பதும், போட்டதை எடுக்க மறந்துவிட்டுக் கெட்டித் தரையில் ஓட்டினால் அச்சுக்கே சேதம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு நுட்பமான ஓட்டுநரானாலும் உயரம் பற்றாத வண்டியைப் பாறைக்கு மேல் பறக்கவைக்க முடியாது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வடிவக் கணக்கு யாருக்கும் வளையாது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், முன்பக்கம் 41.8 டிகிரிச் சரிவை இடிக்காமல் ஏறத் தொடங்கும். நடுவயிறு தட்டாமல் 27 டிகிரி முகட்டைக் கடக்கும். ஒரு சாதாரண காருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் டாஹோ ஏரியை நோக்கிப் போகும் ரூபிகன் மலைத்தடத்தில் மாட்டு வண்டி அளவு பாறைகளின் மேல் சக்கரத்தை வைத்து ஏற வேண்டும். அதற்குத் தாழ்ந்த கியர் விகிதமும் இரண்டு அச்சிலும் லாக்கும் இல்லாமல் இறங்குவது அறிவீனம். ஆகவே நுழைவுச் சீட்டை வண்டிதான் கொடுக்கிறது. அதன் பிறகு நடப்பது என்ன என்பதே என் கேள்வி. அதே ரூபிகனில், எந்தப் பாறையின் மேல் எந்தச் சக்கரத்தை வைத்தால் அடிவயிறு தப்பும் என்று ஓர் ஆள் முன்னால் நின்று கையசைத்து வழி சொல்கிறார்; ஓட்டுநர் அந்தக் கையைப் பார்த்து அங்குலம் அங்குலமாக நகர்கிறார். உயரமான வண்டி இருப்பதால் அந்த ஆள் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கடினமான இடத்துக்குள் விடுகிற வண்டி, கடினமான முடிவுகளையும் கூடவே கொண்டுவருகிறது.

ஏற்றத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. அதை எந்தத் தொழிற்சாலையும் மாற்ற முடியாது. 20 டிகிரி ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் நிற்கவே டயருக்கும் தரைக்கும் நடுவே 0.36 உராய்வுக் கெழு வேண்டும். ஈரக் களிமண் அதைத் தராத நாளில் எட்டு லாக் இருந்தாலும் வண்டி ஏறாது. இறக்கத்தில் இன்னொன்று. விசை இரண்டு சக்கரத்துக்குப் போனாலும் நான்குக்குப் போனாலும், பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. கிளம்புவதற்குக் கிடைத்த அனுகூலம் நிறுத்துவதற்குக் கிடைப்பதில்லை. ஏறும்போது எளிதாக ஏறிவிட்டதால் தரை நல்ல தரை என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவர், தரையைத் தப்பாகப் படித்துவிட்டார். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பக் கூடாது, ரிவர்ஸ் கியரில், கிளட்சை மிதிக்காமல், வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்க வேண்டும். குறுக்கே திரும்பிய வண்டி உருண்டுவிடும். உயரம் கூட்டிய வண்டி இன்னும் சீக்கிரம் உருளும்.

‘இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, இப்போது கணிப்பொறியே பார்த்துக்கொள்கிறது’ என்று இளைய தலைமுறை சொல்லும். அதிலும் உண்மை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் வண்டியில் இறக்கத்தில் தானாகவே பிரேக்கை அளந்து பிடிக்கும் அமைப்பு வந்தது. 2004-இல் டிஸ்கவரி 3 வண்டியில் மணலா, சேறா, பாறையா என்று ஒரு குமிழைத் திருப்பினால் எஞ்சினும் கியரும் பிரேக்கும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. இன்றைய ஜிம்னி வண்டியில் உள்ள அமைப்பு, வெறுமனே சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து, பிடிப்பு உள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளிவிடுகிறது. நான்கு சக்கரத்தையும் தனித்தனியே நொடிக்குப் பல முறை பிடித்து விடுவது மனிதக் காலால் முடியாது. இந்த ஒரு வேலையில் எந்திரம் நம்மைவிடத் தேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதற்குத் தெரிவது என்ன? சக்கரம் வழுக்கிய பிறகுதான் வழுக்கல் என்று அதற்குத் தெரியும். நாற்பது அடி முன்னால் மணலின் நிறம் மாறுவதும், சேற்றின் மேல் காய்ந்த ஆடை படர்ந்திருப்பதும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று: அந்த அமைப்பு வேலை செய்யவே ஓட்டுநர் ஒத்துழைக்க வேண்டும். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டதும் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் அது உதவுவதற்குள் வண்டி நின்றுவிடும். காலை அசைக்காமல் ஒரே அளவில் வைத்திருந்து, பிரேக் கடகடவென்று பிடித்து விடுகிற ஓசையைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். உதவிக்கு வந்த எந்திரத்தை உதவவிடுவதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

எந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் செவ்வாய்க் கோளில் ஒரு சாட்சி இருக்கிறது. நாசா அனுப்பிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திக்கு ஆறு சக்கரம். ஆறுக்கும் தனித்தனி மோட்டார். பூமியில் ஓடும் சாதாரண ஜீப்புக்கு அந்த அமைப்பு கிடையாது. 2005 ஏப்ரல் இறுதியில் அது ஒரு சிறு மணல் அலையில் புதைந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. சுற்றுகிற அளவுக்கு முன்னேறுகிறோம் என்று ஊர்தி கணக்கிட்டுக்கொண்டது. உண்மையில் நின்ற இடத்திலேயே குழி பறித்துக்கொண்டிருந்தது. பிறகு பூமியில் பொறியாளர்கள் அதேபோன்ற மண்ணைக் கலந்து, அதேபோன்ற ஊர்தியை அதில் புதைத்து, எப்படி வெளியே எடுப்பது என்று சோதித்துப் பார்த்தார்கள். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜூன் தொடக்கத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். அதன்பின் சக்கரம் சுற்றியும் ஊர்தி நகராவிட்டால் தானே நின்றுவிடும்படி அதற்குக் கற்பித்தார்கள். ஒரு நல்ல ஓட்டுநர் முதல் நாளிலேயே கற்கிற பாடம் அது: நகராத வண்டியில் காலை அழுத்தாதே, நிறுத்து, இறங்கு, மண்வாரியை எடு. அதன் இரட்டையான ஸ்பிரிட் ஊர்தி 2009-இல் வேறொரு மணலில் சிக்கியது. சில சக்கரங்கள் பழுதாகியிருந்த அதை மீட்கவே முடியவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் ஓடைகளும் பெருகித் தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் ஓடும்போது, உயரமான வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு தைரியம் வருகிறது. அந்தத் தைரியத்தைத் தருவது விளம்பரத் தாளில் உள்ள ஓர் எண். தார் வண்டிக்கு அது 650 மில்லிமீட்டர். இந்த ஆழத்துத் தண்ணீரில் வண்டி போகும் என்று பொருள். அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு உரிய எண். ஓடும் தண்ணீருக்கு வேறு கணக்கு. அமெரிக்க வானிலைத் துறை பல ஆண்டுகளாகத் தரும் எச்சரிக்கை இது: ஓர் அடி ஆழ ஓட்டம் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும், இரண்டடி ஓட்டம் பெரிய வண்டிகளையும் கொண்டுபோய்விடும். இரண்டடி என்பது 610 மில்லிமீட்டர். அதாவது தொழிற்சாலை கொடுத்த அனுமதிக்கு உள்ளேயே வண்டி போய்விடுகிறது. காரணம் எளிது. மூன்று மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தைத் தாண்டித் தண்ணீர் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் ஏறும்போதும், உள்ளே நீர் புகாத வரையில், அரை டன்னுக்கு மேல் வண்டியின் எடை குறைகிறது. எடை குறைந்தால் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ள ஓட்டத்துக்கு அதிக நேரம் பிடிக்காது. அந்த நேரத்தில் நான்கு சக்கரத்து விசையும் எதையும் பற்றாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். என் வாதத்தின் கூர்மையான இடம் இதுதான். தாழ்ந்த கார் வைத்திருப்பவர் கரையிலேயே நின்றுவிடுவார். வலுவான வண்டி வைத்திருப்பவர்தான் இறங்குவார். வண்டியின் திறன் அவரை எங்கே அழைத்துப்போகிறதோ, அங்கே அவரைக் காப்பாற்ற வேண்டியது அவருடைய அறிவு மட்டுமே.

தேங்கி நிற்கும் தண்ணீர் என்றாலும் அறிவுக்கு வேலை இருக்கிறது. காற்று உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் வழியே எஞ்சினுக்குள் போன தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது, கனெக்டிங் ராடை வளைத்துவிடும். நீண்ட தூரம் ஓடிச் சூடாகியிருக்கும் அச்சுப் பெட்டியைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். உள்ளே மெதுவாக இறங்கி, சீரான வேகத்தில், வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும்படி போனால் அந்த அலைக்குப் பின்னால் எஞ்சின் பக்கம் நீர்மட்டம் தாழும். வேகமாகப் பாய்ந்தால் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், தண்ணீர் நேராக எஞ்சின் மேல் ஏறும். முதலில் ஒரு கோலோடு நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத தண்ணீரில் வண்டிக்கு வேலை இல்லை.

ஆகவே நடைமுறையில் என்ன செய்வது? வண்டி வாங்கியதும் உயரம் கூட்டவும், விளக்குச் சட்டம் மாட்டவும், பெரிய டயர் போடவும் செலவாகிற பணத்தில் ஒரு சிறு பகுதி போதும்: காற்று அளக்கும் கருவி ஒன்று, கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்று, நல்ல மண்வாரி ஒன்று, தேர்ந்த ஒருவரிடம் இரண்டு நாள் பயிற்சி. மஹிந்திரா நிறுவனம் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இதற்கென்றே பயிற்சிக்கூடம் நடத்துகிறது. இதுபோன்ற வாய்ப்பு தெற்கிலும் பரவலாக வேண்டும். நம் ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறார்கள். வழுக்கும் தரையைப் பற்றியோ ஓடும் தண்ணீரைப் பற்றியோ ஒரு கேள்வியாவது எழுத்துத் தேர்வில் கட்டாயம் இடம்பெற வேண்டும். வண்டி செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீர் ஆழத்தை எத்தனை பெரிய எழுத்தில் விளம்பரத்தில் போடுகிறீர்களோ, அதே அளவு எழுத்தில், அதே வரியில், ‘நிற்கும் தண்ணீரில் மட்டும்’ என்று சேர்த்துப் போடுங்கள்.